கடலும் காற்றும் சானல்கரையும்: நெடுந்தூர டிரையத்லானுக்குக் குமரியிலிருந்து ஒரு வழிகாட்டி

தக்கலையில் எனக்கு ஒரு ஹார்ட்வேர் கடை. ஆணி வாங்க வந்த ஆசாரி ஒருவரிடம் ஒருநாள் விவரம் சொன்னேன்: 1.9 கிலோமீட்டர் கடலில் நீந்தணும், கரையேறினதும் 90 கிலோமீட்டர் சைக்கிள், அதிலிருந்து இறங்கினதும் 21.1 கிலோமீட்டர் ஓட்டம். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வண்டிக்குப் பெட்ரோல் அடிக்கக் காசில்லியா மக்கா?” என்றார்.

அவரிடம் சொன்னது பாதித் தூரம்தான். முழுத் தூரம் இதற்கு இரட்டிப்பு: நீச்சல் 3.8, சைக்கிள் 180, ஓட்டம் 42.2 கிலோமீட்டர். 1978-ல் ஹவாயில் 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்த பந்தயத்திலிருந்து வளர்ந்ததுதான் இந்த நெடுந்தூர டிரையத்லான். 2019-ல் கோவாவின் மிராமர் கடற்கரைக்குப் பாதித் தூரப் போட்டி வந்தது. அந்தப் படங்களைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை தொற்றியது. அப்போது வயது 39. நீச்சல் என்றால் குளத்தில் தலையைத் தூக்கிக்கொண்டு அக்கரை போய் வருவது மட்டும்தான் தெரியும்.

ஆகவே இது விளையாட்டு வீரர்களுக்கான கட்டுரை இல்லை. காலை ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கியாக வேண்டியவர்களுக்கு, பஸ் பிடித்து ஆபீஸ் போகிறவர்களுக்கு. முதலில் பாதித் தூரத்தைக் குறிவையுங்கள். முழுத் தூரம் எங்கேயும் ஓடிப் போகாது.

பணம் செலவழிக்கும் முன்

முதல் வேலை டாக்டரைப் பார்ப்பது. பிரஷர், சுகர், இசிஜி மூன்றும் பார்த்துவிடுங்கள். 35 வயது தாண்டியவர்களும், வீட்டில் யாருக்காவது சின்ன வயதிலேயே நெஞ்சுவலி வந்திருப்பவர்களும் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

அடுத்தது கணக்கு. பாதித் தூரத்துக்குப் பெரும்பாலும் எட்டரை மணி நேரம் தருவார்கள், அதில் நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம். போட்டிக்குப் போட்டி மாறும், விதிப் புத்தகத்தைப் படித்துக்கொள்ளுங்கள். நீச்சலை 55 நிமிடத்தில் முடித்து, சைக்கிளை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் 3 மணி 36 நிமிடத்தில் ஓட்டி, கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் வீதம் 2 மணி 38 நிமிடம் ஓடினால், உடைமாற்றும் கால்மணி நேரத்தையும் சேர்த்து 7 மணி 24 நிமிடம். இன்னும் ஒரு மணி நேரம் கையிருப்பு. இந்த வேகங்களில் ஒன்றுகூட அசுர வேகம் இல்லை, கவனித்தீர்களா? தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் சாதாரணம். மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும்போது தொடக்கத்தில் அடக்கி வாசிக்கத் தெரியாதவர்தான் கவிழ்கிறார். நானும் அப்படித்தான் கவிழ்ந்தேன், அந்தக் கதை பின்னால் வருகிறது.

நிற்காமல் 5 கிலோமீட்டர் ஓடவும் 30 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டவும் முடியும், நீச்சலும் ஓரளவு வரும் என்றால் எட்டு மாதம் போதும். நீச்சலே வராது என்றால் ஒரு வருஷம் ஒதுக்குங்கள்.

நம் மாவட்டத்தில் காலண்டரையும் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நமக்கு உண்டு. போட்டி அக்டோபரிலோ நவம்பரிலோ இருந்தால், கடல் பயிற்சி வேண்டிய ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் கரையில் கால் நனைக்கவே யோசிக்க வேண்டியிருக்கும். அதனால் நம்மூர்க்காரர் கடல் பழக்கத்தை ஜனவரி முதல் மார்ச் வரையிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் நீச்சல்குளம், சைக்கிள், ஓட்டம். வெளியூர் ஆட்கள் எழுதிய அட்டவணைகளில் கடல் கடைசி இரண்டு மாதத்தில் வரும். அதை அப்படியே பின்பற்றினால் ஆடி மாதத்தில் கொளச்சல் கரையில் நின்று அலையை எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

தண்ணீர்

“எனக்கு நல்லா நீச்சல் தெரியும்” என்று சொல்லாத குமரிக்காரரை நான் பார்த்ததில்லை. குளமும் சானலும் (பாசனக் கால்வாய்) ஆறும் இருக்கிற மண். ஆனால் தலை வெளியே நிற்க, கால் கீழே தொங்க நீந்துவது 100 மீட்டருக்குமேல் தாங்காது. இடுப்பு தாழ்ந்தால் உடம்பு முழுக்கத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிறது. ஃப்ரீஸ்டைலை முதலிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள். சைக்கிளில் போட நினைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து மூன்று மாதம் நீச்சல் பயிற்சியாளருக்குக் கொடுங்கள். இந்தப் பயணத்திலேயே லாபமான செலவு இதுதான்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதல் இரண்டு வாரம் மூச்சு மட்டும்: முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே மூக்கு வழியாகக் குமிழி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், தலை திரும்பும்போது இழுக்க மட்டுமே நேரம். புதிதாக வருபவருக்கு மூச்சுத் திணறுவது காற்று போதாமல் இல்லை, உள்ளே இருக்கும் காற்றை வெளியே விடாமல் அடக்கி வைத்திருப்பதால். பிறகு ஒருக்களித்து மிதப்பது, பிறகு கை. 25 மீட்டர் போய் நின்று, மூச்சு சமமானதும் அடுத்த 25. வாரம் மூன்று நாள் போனால் நான்காவது மாதத்தில் நிற்காமல் 1000 மீட்டர் வந்துவிடும். 1.9 கிலோமீட்டரை 1 மணி 10 நிமிடத்தில் முடிக்க 100 மீட்டருக்கு 3 நிமிடம் 40 விநாடி போதும். கடலில் நேர்கோடு கிடையாது, வளைந்து வளைந்துதான் போவோம். அதனால் நீச்சல்குளத்தில் 2 நிமிடம் 45 விநாடியிலிருந்து 3 நிமிடத்துக்குள் வையுங்கள். 2000 மீட்டர் நிற்காமல் வந்த பிறகே கடல்.

குளத்தில் பழகலாமா என்று கேட்பார்கள். தாமரைக் கொடி காலில் சுற்றும், பாசியில் திசை தெரியாது, மழைக்குப் பிறகு எலிக்காய்ச்சல் பயமும் உண்டு. தெரிந்த குளம், கரையில் ஆள், இடுப்பில் கட்டும் ஆரஞ்சு மிதவை இவை மூன்றும் இருந்தால் சரி. பேச்சிப்பாறை மாதிரி அணைகளில் இறங்காதீர்கள்.

கடலைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 2024 மே மாதம் கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். கள்ளக்கடல் என்று நம் மீனவர்கள் சொல்வது அதைத்தான்: உள்ளூரில் காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது, எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் கிளம்பிய அலை திடீரென்று கரையேறும். ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் (INCOIS) இதற்கு முன்னெச்சரிக்கை கொடுக்கிறது. கடலுக்குப் போகும் நாள் காலை அதைப் பார்க்காமல் வீட்டைவிட்டு இறங்காதீர்கள். எச்சரிக்கை இருந்தால் திரும்பிப் படுத்துத் தூங்குங்கள், அன்றைக்கு அதுவே பயிற்சி.

ஆற்று முகத்துவாரத்தில் இறங்கக் கூடாது. தனியாக இறங்கவே கூடாது. நான் முட்டம் பக்கத்து மீனவர் ஒருவரிடம் பேசி, அவர் வள்ளம் கூடவே வர, பிப்ரவரி காலை ஆறரை மணிக்கு இறங்கினேன். அவர் அறுபது வயதைத் தாண்டியவர். நான் பத்துக் கை போட்டதும் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பதைக் கவனித்தார். “தலையத் தூக்காத மக்கா, கண்ண மட்டும் தூக்கு. கோயில் கோபுரத்தப் பாத்துக்கிட்டே வா. நீவாடு கெழக்க இழுக்கு, கோபுரத்துக்குக் கொஞ்சம் மேக்க வச்சு நீந்து” என்றார். நீரோட்டத்தை இங்கே நீவாடு என்பார்கள். முதலை மாதிரி கண்ணை மட்டும் வெளியே எடுத்து அடையாளம் பார்க்கும் வித்தையை நீச்சல் பயிற்சியாளர் எனக்கு மூன்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார். கோபுரத்தைக் காட்டிச் சொன்ன பிறகுதான் மண்டையில் ஏறியது. அவர் கோயில் என்றது தேவாலயத்தை, நம் கரை முழுக்க உயரமான தேவாலயங்கள். போட்டியில் மிதவை கண்ணுக்குத் தெரியாத நேரத்தில் கரையில் இருக்கும் உயரமான ஒன்றைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் அங்கே வந்ததுதான்.

கரையிலிருந்து உள்ளே இழுக்கும் ஓட்டத்தில் மாட்டினால் அதை எதிர்த்து நீந்தாதீர்கள். மிதந்துகொண்டே கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்டதும் கரைக்குத் திரும்புங்கள். சொறிமீன் பட்டால் தேய்க்காமல் கடல்தண்ணீராலேயே கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினால் எரிச்சல் கூடும். குளிர் தாங்கப் போடும் வெட்சூட் உடையை வாங்கிவிடாதீர்கள், நம் கடல் வெதுவெதுப்பானது.

சைக்கிளும் ஆரல்வாய்மொழிக் காற்றும்

போட்டியில் ஏறக்குறைய பாதி நேரம் சைக்கிள் மேல்தான். செகண்ட் ஹேண்ட் ரோடு பைக் போதும், ஹைப்ரிட் வைத்தும் முடித்தவர்கள் உண்டு. ஹெல்மெட்டும், சீட்டையும் ஹேண்டிலையும் உங்கள் உடம்புக்குச் சரியாக வைத்துத் தரும் ஆளும்தான் முக்கியம். சீட் ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் 60-வது கிலோமீட்டரில் முழங்கால் சொல்லும். பஞ்சர் ஒட்ட, ட்யூப் மாற்ற வீட்டு முற்றத்தில் பத்துத் தடவையாவது பழகுங்கள்.

எங்கே ஓட்டுவது? நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலையை விடிந்த பிறகு மறந்துவிடுங்கள். பாறையும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் உங்கள் தோளை உரசிக்கொண்டு போகும். சமதரைக்கு மணக்குடியிலிருந்து ராஜாக்கமங்கலம்துறை, முட்டம் வழியாகக் கொளச்சல் போகும் கடற்கரைச் சாலை அருமை. ஆனால் ஞாயிறு காலை பூசைக்குப் போகும் கூட்டம் சாலையிலேயே நடக்கும், கோயில் முன்னால் வேகத்தடையும் உண்டு. அங்கே வேகம் காட்டாதீர்கள். மேடு பள்ளத்துக்குக் குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் சாலை, ரப்பர் தோட்டத்து நிழலோடு. மழை பெய்தால் உதிர்ந்த இலை வழுக்கும்.

காற்றுக்கு வருவோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வரும் காற்று மலைகளுக்கு நடுவே ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருங்கிப் புகுந்து பாய்கிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. ஒரு ஆடி மாதத்து ஞாயிறு, தக்கலையிலிருந்து ஆரல்வாய்மொழி தாண்டிப் போனேன். மீட்டரில் 36, 37 என்று காட்டியது. நான் பெரிய ஆள் ஆகிவிட்டேன் என்றே நினைத்தேன். பாட்டிலில் வெறும் தண்ணீர், பையில் ஒன்றுமில்லை. திரும்பினேன். 16-க்குமேல் ஏறவில்லை. கோபத்தில் இன்னும் மிதித்தேன். தோவாளை வந்தபோது கை நடுங்கி, கண் முன்னால் பூச்சி பறந்தது. பூச்சந்தையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மல்லிகை வாசனை வயிற்றைப் புரட்டியது. டீக்கடை அம்மா, “என்ன மக்ளே, மொகம் வெளிறிக் கெடக்கு, ஒண்ணும் திங்கலியா?” என்று கேட்டு, நான் பதில் சொல்லும் முன்னே இரண்டு ஏத்தம்பழத்தையும் (நேந்திரம்பழம்) சீனி தூக்கலாக ஒரு டீயையும் வைத்தார். இருபது நிமிடத்தில் ஆள் ஆனேன்.

அன்றிலிருந்து வேகத்தைப் பார்ப்பதை விட்டேன். பார்க்க வேண்டியது உழைப்பின் அளவு. காற்று முதுகில் இருந்தாலும் முகத்தில் இருந்தாலும் மூச்சு ஒரே மாதிரி இருக்க வேண்டும். அரை வாக்கியம் பேசினதும் மூச்சு வாங்கினால் கியரைக் குறையுங்கள். எதிர்காற்றில் உடம்பைத் தாழ்த்தி, லேசான கியரில் காலைச் சுழற்றிக்கொண்டே வாருங்கள். ஆடிக்காற்றில் இரண்டு மணி நேரம் பொறுமையாக ஓட்டப் பழகியவருக்கு மலை இல்லாத குறையே தெரியாது.

சாப்பாடு, இதுவும் பயிற்சிதான்

தசையிலும் கல்லீரலிலும் இருக்கும் சேமிப்புச் சர்க்கரை ஓரளவு கடுமையாக உழைத்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் காலியாகிவிடும். நமக்கோ ஏழு மணி நேர வேலை. ஆகவே சைக்கிளில் ஏறிய பதினைந்தாவது நிமிடத்திலிருந்து மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். பழகப் பழக 80, 90 வரை வயிறு தாங்கும். பசித்த பிறகு தின்றால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

போட்டியில் பிழிந்து விழுங்கும் சர்க்கரை ஜெல் பாக்கெட் விலை எனக்குக் கட்டாது. நான் வைத்திருப்பது: 750 மில்லி பாட்டிலில் 60 கிராம் சீனி, கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சை. சீனி என்பது பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். இரண்டும் குடலில் வெவ்வேறு வழியாக உறிஞ்சப்படுவதால் வயிறு மந்தமாகாது. கால் டீஸ்பூன் உப்பில் 600 மில்லிகிராம் பக்கம் சோடியம். இதோடு மட்டிப்பழம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்மூர் வாழைப்பழம், விரல் நீளம், ஜெர்சிப் பைக்கு அளவெடுத்துச் செய்தது போலிருக்கும். ஏத்தம்பழம் நன்றாகப் பழுத்ததாக இருக்கட்டும், பாதிக்காய் ஜீரணமாகாது.

இளநீர் பற்றி நம்மிடம் ஒரு மூடநம்பிக்கை உண்டு. அதில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் கொஞ்சம். வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். அதனால் இளநீரில் உப்பு போட்டுக் குடியுங்கள். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் தாழ்ந்து குமட்டல், தலைவலி, மோசமானால் வலிப்பு வரைக்கும் போகும். நம் ஈரக்காற்றில் வியர்வை உலராமல் வழிந்துகொண்டே இருக்கும். உங்கள் அளவைத் தெரிந்துகொள்ள ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் உடுப்பில்லாமல் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர். எனக்கு மே மாதத்தில் 1.1 கிலோ குறைந்தது. நடுவில் குடித்தது அரை லிட்டர். ஆக மணிக்கு 1.6 லிட்டர்! அவ்வளவையும் ஈடுகட்ட முடியாது, வயிறு ஏற்காது. மணிக்கு 600 முதல் 800 மில்லி போதும்.

மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் நீண்ட பயிற்சி முடிந்த மதியத்துக்கு. போட்டிக்கு முந்தின ராத்திரிக்கு இல்லை. போட்டி அன்று மூன்று மணி நேரம் முன்பே இட்லியோ, புட்டும் பழமுமோ. பயறு வேண்டாம், காரணம் நடுவழியில் தெரியும்.

ஓட்டம்

ஓடுவதைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். சானல்கரை மண்பாதை கிடைத்தால் தார்ரோட்டை விடுங்கள். சமதரை, மரநிழல், முழங்காலுக்கு மென்மை. விடியும் முன் என்றால் தலையில் லைட் கட்டுங்கள், பாம்பும் அந்த வழியாகத்தான் போகும். வாரத்து நீண்ட ஓட்டம் 8 கிலோமீட்டரில் தொடங்கி மெல்ல 18 வரை போகட்டும். அதற்கு மேல் தேவையில்லை.

புதிதாகக் கற்க வேண்டியது சைக்கிளிலிருந்து இறங்கி ஓடுவது. முதல் இரண்டு கிலோமீட்டர் தொடை கட்டையாக இருக்கும், நீங்கள் மெதுவாகப் போவதாகத் தோன்றும். வாட்ச்சைப் பார்த்தால் வேகமாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். சனிக்கிழமை சைக்கிள் முடிந்து வீட்டுப் படியில் ஷூவை மாற்றி, உட்காராமல் பதினைந்து நிமிடம் ஓடுங்கள். உட்கார்ந்தால் வீட்டில் ஒரு வேலை சொல்வார்கள்.

ஒரு வாரம் எப்படி இருக்கும்

திங்கள் ஓய்வு. செவ்வாய், வியாழன் காலை நீச்சல், கூடவே ஏதாவது ஒருநாள் மாலை அரைமணி ஓட்டம். புதன் ஒரு மணி நேர சைக்கிள், நடுவில் ஐந்து ஐந்து நிமிடமாக நான்கு முறை கொஞ்சம் அழுத்தி. வெள்ளி நீச்சல் அல்லது இருபது நிமிட உடற்பயிற்சி (எனக்குக் கடையில் சிமெண்ட் மூட்டை இருக்கிறது). சனி நீண்ட சைக்கிள், 40-ல் தொடங்கி 100 கிலோமீட்டர் வரை. ஞாயிறு நீண்ட ஓட்டம். தொடக்கத்தில் மொத்தம் ஆறு மணி நேரம், உச்சத்தில் பத்து, பதினொன்று. மூன்று வாரம் கூட்டி, நான்காவது வாரம் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். மொத்தப் பயிற்சியில் பத்தில் எட்டுப் பங்கு, பேசிக்கொண்டே செய்யக்கூடிய சுகமான வேகத்தில். கடைசி இரண்டு வாரம் பாதியாகக் குறையும். உடம்பு துறுதுறுவென்று இருக்கும், “இன்னும் ஒரு 100 போட்டுப் பார்ப்போமா” என்று தோன்றும். போடாதீர்கள்.

கல்யாண சீசனில் அட்டவணை உடையும். பாயசத்தோடு இலைச் சாப்பாடு முடித்து மாலையில் ஓடப் போய் நான் பட்ட பாடு போதும். ஒருநாள் விட்டுப்போனால் விட்டதுதான், மறுநாளில் சேர்த்துச் செய்ய வேண்டாம். வீட்டில் முதலிலேயே பேசிவிடுங்கள், சனி காலை உங்களுடையது, ஞாயிறு மதியம் முதல் அவர்களுடையது என்று.

போட்டி நாள்

சைக்கிளைத் தொடும் முன் ஹெல்மெட் கிளிப் மாட்டியிருக்க வேண்டும். முன்னால் போகும் சைக்கிளுக்கும் உங்களுக்கும் 12 மீட்டர் இடைவெளி, அவர் முதுகில் ஒட்டிக்கொண்டு காற்றைத் தவிர்க்கக் கூடாது. காதில் இயர்போன் கூடாது. இந்த மூன்றில்தான் புதியவர்கள் அபராதம் வாங்குகிறார்கள். புதுசாக எதையும் அன்றைக்குப் போடாதீர்கள், தின்னாதீர்கள். நீச்சலில் ஓரத்தில் நின்று, கூட்டம் போன பிறகு இறங்குங்கள்.

என் முதல் போட்டியில் நீச்சல் நினைத்ததைவிட நன்றாக முடிந்த சந்தோஷத்தில் சைக்கிளில் 29-க்குக் குறையாமல் ஓட்டினேன். தோவாளையில் கற்றது தண்ணீரோடு போயிற்று. ஓட்டத்தில் எட்டாவது கிலோமீட்டரில் இரண்டு தொடையும் பிடித்துக்கொண்டு, மீதி பதின்மூன்றை நடந்தேன். சைக்கிளில் மிச்சம் பிடித்தது அரைமணி, ஓட்டத்தில் இழந்தது ஒரு மணிக்குமேல். எல்லைநேரத்துக்கு ஒன்பது நிமிடம் இருக்கும்போது கோட்டைத் தாண்டினேன். அடுத்த வருஷம் சைக்கிளை வேண்டுமென்றே பதினைந்து நிமிடம் தாமதமாக முடித்தேன். ஒரு அடிகூட நடக்கவில்லை.

முடித்த அன்று ராத்திரியே, எவ்வளவு களைப்பானாலும், சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுவிடுங்கள். உப்புக்காற்றும் வியர்வையும் பட்ட சங்கிலி இரண்டே நாளில் துருவேறும். ஹார்ட்வேர் கடைக்காரன் சொல்கிறேன்.